கண்ணாடி ஏற்றிய வண்டி

22-4-1956. ஏரிக்கரை மேட்டு வீடு. விற்பவர் கேட்டது ரூ. 14,500. சொன்னது ரூ. 9,000.
9-9-1956. பேரிமரத் தோட்டத்து வீடு. கேட்டது ரூ. 10,000. சொன்னது ரூ. 7,000.
5-5-1957. வெள்ளைக்காரர் காலி செய்த கல் வீடு. கேட்டது ரூ. 16,000. சொன்னது ரூ. 9,000.
13-10-1957. கடைத்தெருவுக்கு மேலே தகரக் கூரை வீடு. கேட்டது ரூ. 8,250. சொன்னது ரூ. 6,000.
2-3-1958. அமானுல்லாவின் ஓட்டு வீடு. கேட்டது ரூ. 11,500. சொன்னது ரூ. 8,000.

ஐந்து வீடுகளில் ஒன்றின் வாசற்படியைக்கூட லீலா மிதித்ததில்லை.

பழனி அடிவாரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த குருநாதனுக்கு அவள் 1949-இல் வாழ்க்கைப்பட்டாள். திண்டுக்கல்லில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கையெழுத்து அச்சுப்போல இருக்கும். பிள்ளை இல்லை. 1955 கடைசியில் இருமலில் ரத்தம் வந்தது. மதுரை டாக்டர் ஊசி எழுதிக்கொடுத்துவிட்டு, "மலைக்காத்துல ரெண்டு வருசம் இருந்தா பிழைச்சுக்குவாங்க" என்றார். சீக்காளிக்குக் கொடைக்கானலில் யாரும் வாடகைக்கு வீடு தருவதாயில்லை. சொந்தமாக வாங்கித்தான் ஆகவேண்டும்.

அதனால் வீடு பார்க்கப் போனார்கள். வத்தலக்குண்டு வரை பஸ். அங்கிருந்து சேனாதிபதியின் வாடகைக் கார், போகவர முப்பத்தைந்து ரூபாய். குருநாதனின் விதவை அக்கா சுந்தராம்பாள் முன்சீட்டில் உட்காருவாள். வீட்டுக்கு ஒரு பர்லாங் முன்பே வண்டியை நிறுத்தச் சொல்லி, நான்கு கண்ணாடியையும் ஏற்றிவிடுவாள்.

"ஏட்டி, இருமி வச்சிராத. விக்கிறவன் காதுல விழுந்துச்சு, வெலைய ஏத்திப்புடுவான். இல்லாட்டி கதவச் சாத்திப்புடுவான்."

"காத்துக்காகத்தானே மதினி வந்தோம்?"

"வீடு அமையட்டும். பெறகு பீப்பா பீப்பாயாக் குடி."

அக்காவும் தம்பியும் போய் உள்ளறை, அடுப்படி, கிணறு எல்லாம் பார்த்து வர ஒரு மணி நேரம் ஆகும். லீலா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு காத்திருப்பாள். ஒருமுறை சேனாதிபதி பொறுக்காமல், "யாருமில்ல தாயி, கண்ணாடிய எறக்கட்டுமா?" என்றான். அவள் வேண்டாமெனத் தலையாட்டினாள். பேரம் கெட்டுவிடும் என்று பயம்.

பேரம் முடியாமலே திரும்புவார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சுந்தராம்பாள் தெருக்கோடி முருகன் கோயிலில் பூக் கேட்பாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் வாழையிலையில் ஒரேமாதிரி கட்டிச் சாமி காலடியில் வைப்பாள்; பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் வீட்டை வாங்கலாம். சிவப்பு வந்தால் கூடாது. ஐந்து முறையும் சிவப்புதான்.

"சாமியே வேண்டாங்குது. நாம என்ன பண்ண?" என்பார் குருநாதன். லீலாவும் திருநீறு பூசிக்கொள்வாள். சாமியிடம் அவளுக்கு வருத்தம் உண்டு, சந்தேகம் இல்லை.

ஐந்தாவது முறை, 7-3-1958 அன்று, சுந்தராம்பாள் கோயில் பையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். திருநீறு எடுக்கக் கையை விட்ட லீலாவுக்குப் பிரிக்காத பொட்டலம் அகப்பட்டது. பூசாரி எடுக்காமல் விட்டது; வெள்ளையாக இருக்கவேண்டியது. பிரித்தாள். சிவப்பு அரளி.

மறுபடி கட்டி வைத்துவிட்டாள். மதினிதான் சூது செய்கிறாள், பாவம், அவருக்குத் தெரியாது என்று எண்ணினாள். சண்டை போட மூச்சு இல்லை. வழி ஒன்று இருந்தது. அமானுல்லா கேட்டதற்கும் இவர் சொன்னதற்கும் இடையே மூவாயிரத்து ஐந்நூறு. பிறந்த வீட்டு நகை நாற்பத்தாறு பவுன், பவுன் எழுபத்தாறு ரூபாய் வீதம் மூவாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றாறு. குறைந்த நான்கு ரூபாய் அரிசிப்பானையில் இருந்தது. வித்தியாசத்தைத் தானே தருவதாகவும், வீட்டை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாமென்றும், கொடைக்கானல் கடைத்தெரு அமானுல்லாவுக்கு 17-ஆம் தேதி எழுதினாள். தன் நோயையும் மறைக்கவில்லை.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. பகல் தபாலில் வந்ததை அவளே வாங்கினாள்.

"சகோதரி அவர்களுக்கு, சலாம். தங்கள் கடிதம் எனக்கு விளங்கவில்லை. நான் கேட்ட ரூ. 11,500-ஐத் தங்கள் வீட்டுக்காரர் முழுசாகக் கொடுத்து, இம்மாதம் 12-ஆம் தேதியே கிரயம் முடித்துவிட்டாரே. பத்திரம் அவருடைய அக்கா பேரில். சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னார்கள். சீக்காளி யாரும் தங்கின வீடா என்று தங்கள் வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார். தங்கினது தெரிந்தால் வாடகைக்கு ஆள் வராதாம். இல்லை என்று சத்தியம் செய்து கொடுத்தேன். தாங்கள் குணமடைய துவா செய்கிறேன்."

லீலா இரண்டு முறை படித்தாள். பன்னிரண்டாம் தேதி பித்தளை வாங்க மதுரை போவதாகச் சொல்லித்தான் அவர் வெள்ளனே கிளம்பினார். கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தவள் அவள்.

மாலையில் குருநாதன் வந்து செருப்பைக் கழற்றினார். அன்று அவருக்கு மனம் நிறைவாக இருந்தது போலும், கட்டிலருகே உட்கார்ந்தார்.

"மனச விட்ராத. ஐப்பசியில இன்னொரு வீடு வருதாம். போயிப் பாப்போம்."

அடுப்படியிலிருந்து சுந்தராம்பாள், "ஆமா, அதையும் பாத்துருவோம். நமக்கு வேற என்ன சோலி" என்றாள்.

லீலா அவர் முகத்தையே பார்த்தாள். அதில் எதுவும் இல்லை.

"பாப்போங்க" என்றாள். "இந்த வாட்டி கண்ணாடிய மட்டும் எறக்கி விடச் சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ஐப்பசிக்கு அவள் இல்லை. அவள் பேருக்கு வந்த கடைசிக் கடிதம் அமானுல்லாவினுடையதுதான். வந்த தேதி 24-3-1958, திங்கட்கிழமை.