யார் ஊற்றிய தண்ணீர்?

அந்தத் தெருவில் தண்ணீரையும் துணி மாதிரி அளந்து செலவழித்த ஒரே ஆள் தையல்கார அக்காதான். சமையலறை டிரம்முக்குள் நகப்பூச்சால் கோடு கோடாக இழுத்து வைத்திருந்தாள். இந்தக் கோடு வரைக்கும் சமையலுக்கு, அதுக்குக் கீழே குளிக்க, அடியில் இருப்பதைத் தொடவே கூடாது. அரிசி களைந்த தண்ணீர் பாத்திரம் ஊறவைக்க, பாத்திரம் அலசிய தண்ணீர் கக்கூஸுக்கு. யார் கையிலாவது ஒரு மக் தளும்பினால் போதும், "என்ன, உங்கப்பன் வீட்டு ஆறா ஓடுது?" என்று தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கத்துவாள்.

சும்மா கத்தவில்லை, பாவம். மழை பொய்த்து இரண்டாவது வருஷம். ஏரி காய்ந்து, அணையும் தரை தட்டிவிட்டது. நாள் விட்டு நாள், மதியம் கொஞ்ச நேரம் மட்டும் குழாயில் தண்ணீர் வரும். வீட்டுக்கு இவ்வளவுதான் என்று தண்ணீர் ஆபீஸ் ஒரு வரம்பு வைத்திருந்தது. இரண்டு தடவை மீறினால் எச்சரிக்கை. மூன்றாவது தடவை, நடுவில் ஊசித் துளை போட்ட ஒரு வில்லையைக் குழாய்க்குள் சொருகிவிட்டுப் போவார்கள். அதற்கப்புறம் சொட்டுச் சொட்டாகத்தான்.

இவ்வளவு கட்டுசெட்டாக இருந்த வீட்டுக்கு இரண்டு எச்சரிக்கையும் வந்துவிட்டது என்றால் யார் நம்புவார்கள்? எதிர் வீட்டில் ஆறு பேர், வாசலில் பூந்தொட்டி வேறு. அவர்களுக்கு ஒன்றுமில்லை! அக்காவுக்கு வயிறு எரிந்தது.

எரிச்சலைவிடப் பயம்தான் பெரிது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுக்கையில் விழுந்து வருஷமாகிறது. முதுகில் புண். "காலையும் சாயங்காலமும் கழுவித் துடைக்கணும்மா. விட்டீங்கன்னா உள்ள இறங்கிடும், அப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று நர்ஸ் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வில்லை வந்துவிட்டால் குடிக்கவே காணாது. அந்த மனுஷனை எதைக் கொண்டு கழுவுவது?

வீட்டில் இருப்பதே மூன்று பேர். மகன் லாரி ஓட்டுகிறான், வந்தால்தான் வந்தான். மிச்சம் மருமகள். செருப்புக் கடையில் வேலை, இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. அக்காவின் கண் அந்த முடியிலேயே போய் நின்றது.

"தலைக்குக் குளிச்சியா?"

"இல்ல அத்தை. பவுடர் போட்டு வாரினேன்."

"ம்ம்."

அந்த 'ம்ம்'முக்கு என்ன அர்த்தம் என்று மருமகளுக்கும் தெரியும். இரண்டாவது எச்சரிக்கை வந்த அன்று சாப்பிடும்போது அக்கா அதையும் வாய்விட்டே சொல்லிவிட்டாள். "இந்த வீட்டுல யாரோ திருட்டுத்தனமாத் தண்ணி ஊத்திக்கிறாங்க. நான் இல்ல. படுத்திருக்கிற மனுஷனும் இல்ல."

மறுநாள் கடையிலிருந்து வந்தவளைப் பார்த்து அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முடியைக் கழுத்தோடு ஒட்ட வெட்டியிருந்தாள்.

"என்னடி இது கோலம்?"

"இனிமே ஒரு மக் போதும் அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என்ன திமிர்! மூஞ்சியில் அடித்த மாதிரி செய்கிறாளே என்று அக்கா மனசுக்குள் பொருமினாள். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு, 'சாப்பாடு இருக்கு', 'மாத்திரை கொடுத்தாச்சு' என்ற அளவோடு நின்றது.

தண்ணீர் ஆபீஸ் மீட்டர்காரர் அடுத்த கணக்கெடுக்க வரவேண்டிய நாளும் வந்தது. அன்று மருமகளுக்கு லீவு. இவளைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று அக்கா முடிவு கட்டினாள். வழக்கம்போலத் தண்ணீர் வருவதற்கு முன்பே சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்து, கீழே டிரம்மை வைத்தாள். முதல் சொட்டுகூட வீணாகக் கூடாது என்று அவள் எப்போதுமே செய்கிற வேலை அது. எப்போதும் டிரம் பக்கத்திலேயே காவல் நிற்பவள், இன்றைக்கு வாசலுக்குப் போய் மீட்டர் குழியின் மூடியைத் தூக்கிவிட்டு, முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மீட்டருக்குள் முள் அசைந்தது. அப்புறம் கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தது.

"அடியே! பாத்ரூம்ல என்னடி பண்றே?"

"மாமாவைப் புரட்டிப் போட்டுட்டிருக்கேன் அத்தை! வந்து ஒரு கை பிடிங்களேன்!" குரல் படுக்கையறையிலிருந்து வந்தது.

அக்கா எழுந்து ஓடினாள். பாத்ரூம் தரை காய்ந்து கிடந்தது. டிரம்மில் ஒரு சொட்டு இல்லை. திறந்திருந்த குழாய் மட்டும் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். வெறும் காற்று.

"வாசலுக்குப் போய் மீட்டரைப் பாரு, ஓடு!" என்று மருமகளை விரட்டிவிட்டுக் குழாயை மூடினாள்.

"நின்னுடுச்சு அத்தை!"

திறந்தாள். "இப்ப?"

"ஐயோ, சுத்துது! பேய் பிடிச்ச மாதிரி சுத்துது!"

காலிக் குழாயில் அடைந்து கிடந்த காற்றைத் தண்ணீர் முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. தெருவிலேயே முதலில் திறக்கிற குழாய் இவளுடையது. எல்லார் வீட்டுக் காற்றும் இவள் வழியாக வெளியேறி இவள் கணக்கில் ஏறியிருக்கிறது. எதிர் வீட்டுச் சோம்பேறிகள் தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தே வருவார்கள். அவர்கள் பிழைத்தார்கள்.

மருமகள் செருப்புக்கூடப் போடாமல் ஓடி, பக்கத்து வீட்டிலிருந்த மீட்டர்காரரைக் கையோடு இழுத்து வந்தாள். அவர் பையில் வில்லை தயாராக இருந்தது.

"ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்கக்கா."

"கதையெல்லாம் வேணாம் தம்பி. கையை வை."

வைத்தார். வாசலுக்குப் போய் முள்ளைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது. "பின்தெருவுல ரெண்டு வீட்டுக்குப் போட்டுட்டேனேக்கா" என்றார். பிறகு பையை மூடினார். "இன்னிக்குப் போடல. ஆபீஸ்ல சொல்லிப் பாக்கறேன். ஆனா அளவு இறங்கலன்னா வேற ஆளை அனுப்புவாங்க. அவன் கையெல்லாம் வச்சுப் பாக்க மாட்டான்."

அவர் போனதும் இரண்டு பேரும் குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தார்கள். மற்ற வீடுகளில் திறக்கட்டும், காற்று அந்தப் பக்கம் போகட்டும். ஆனால் அதற்குள் தண்ணீர் நின்றுபோனால்? அக்காவின் கை குழாய்க்குப் போய்ப் போய்த் திரும்பியது. எதிர் வீட்டு வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் மருமகள் திறந்தாள். குழாயில் ஒரு செருமல், அப்புறம் தண்ணீர்.

டிரம் நிறைந்துகொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உன்னைத்தான் நினைச்சேன்."

"தெரியும் அத்தை."

"அதுக்காக முடியை வெட்டிக்கணுமா? என் மேல கோவம்னா ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாமே."

"கோவத்துல வெட்டல அத்தை." மருமகள் தயங்கினாள். "நீங்கதான்னு நினைச்சேன். நான் கடைக்குப் போனதும் மாமாவுக்கு இன்னும் ரெண்டு தடவை ஊத்திக் கழுவுறீங்கன்னு. அந்தப் புண்ணைப் பாத்தா யாருக்குத்தான் மனசு கேக்கும்? கேட்டா நிறுத்திடுவீங்க. அதான், என் பங்கைக் குறைச்சுக்கிட்டா கணக்கு சரியாப் போயிடும்னு…"

அக்கா அந்த மொட்டைக் கழுத்தைப் பார்க்க முடியாமல், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

"அத்தை, வழியுது, வழியுது!" என்று மருமகள்தான் பாய்ந்து வந்து குழாயை மூடினாள்.