பாதைக்குத் தீர்ப்பு எழுதியவர்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு கீழ்க்கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்தேன். என்னுடைய நீதிபதி பழங்காநத்தத்தில் வாடகை வீட்டில் குடியிருந்தார். டவுன் பஸ்ஸில்தான் கோர்ட்டுக்கு வருவார். வழக்குக் கட்சிக்காரர் யாராவது அதே பஸ்ஸில் ஏறிவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வார். அதற்காகவே தினமும் ஒரு மணி நேரம் முன்கூட்டிக் கிளம்புகிறார் என்று அவர் மனைவி என்னிடம் குறைபட்டதுண்டு.

திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு காலனியிலிருந்து அந்த வழக்கு வந்தது. அவர்களுடைய சுடுகாட்டுப் பாதையை நிலக்காரர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். பிணத்தை வாய்க்காலுக்குள் இறங்கித்தான் தூக்கிப் போக வேண்டும். முதல் வாதி, மனைவியை அப்படிக் கொண்டுபோன கூலிக்காரர். கூண்டில் நின்று சொன்னார்:

"ஐப்பசி மாசம்யா. நெஞ்சு மட்டும் தண்ணி. கால் வழுக்கிப் பாடை கவுந்துருச்சு. அவளைத் தேடித்தான்யா எடுத்தோம்."

என் பென்சில் நின்றுவிட்டது.

இடத்தைப் பார்த்துவர வழக்கமாக ஒரு வக்கீலை அனுப்புவார்கள். இவர் தானே போனார்; குறிப்பெடுக்க நானும் போனேன். நிலக்காரர் வீட்டில் காபி கொண்டுவந்தார்கள், வேண்டாமென்றார். காலனியில் கொடுத்த தண்ணீரையும் வேண்டாமென்றார். அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். இக்கரையிலிருந்து அக்கரைவரை நடந்தார். இடுப்பளவு நனைந்தபடியே, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பாதை அவர்களுடைய உரிமை, வேலியை எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதினார். அன்று அந்தக் கூலிக்காரர் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார்.

வேலியை எடுக்குமுன் நிலக்காரர் அப்பீல் போட்டுத் தடை வாங்கிவிட்டார். வாய்தா மேல் வாய்தா. இதற்குள் நீதிபதி ஓய்வு பெற்றார். எங்கே பார்த்தாலும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்பார்: "அந்தப் பாதையைத் திறந்துட்டாங்களாம்மா?"

"இன்னும் இல்லைங்கய்யா."

ஒருநாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தார்.

இரங்கல் கூட்டம் கோர்ட்டு ஹாலிலேயே நடந்தது. உருக்கமாகப் பேசியவர் நிலக்காரரின் வக்கீல். வாய்க்காலில் இறங்கி நடந்த நீதிபதியை நாடு இனிப் பார்க்காது என்றார். பலர் கண்ணைத் துடைத்தார்கள். அந்தத் தடையை வாங்கியவரும் அவர்தான். அவருக்கு அது உறுத்தியதாகவே தெரியவில்லை.

வாசலில் அந்தக் கூலிக்காரர் நின்றிருந்தார். சேதி எப்படியோ தெரிந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். டவாலி போட்ட கோர்ட்டுச் சேவகர் அவரை உள்ளே விடவில்லை. நான் வெளியே வந்ததும் கேட்டார்:

"அய்யா போயிட்டாருன்னா அவரு எழுதுன தீர்ப்பும் போயிருமா தாயி?"

"போகாதுண்ணே. அது அப்படியேதான் இருக்கும்."

"அம்புட்டுத்தான் கேக்க வந்தேன். வாரேன் தாயி."

அவ்வளவு நிச்சயமாக ஏன் சொன்னேனோ. ஆறேழு மாதத்தில் அப்பீல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பாதை பழங்காலந்தொட்டு இருந்ததற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை என்று காரணம் சொன்னார்கள். நேரில் பார்த்து எழுதிய குறிப்பைப் பற்றி அதில் இரண்டே வரி. மெட்ராஸுக்குப் போய் மேல் அப்பீல் போட அந்த ஜனங்களுக்குத் தெம்பில்லை. போடச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அந்தக் கூலிக்காரர் அதன்பிறகு கோர்ட்டுப் பக்கமே வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

தீர்ப்பு ரத்தான அந்த வருஷமே ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நீதிபதியின் மனைவியைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் அந்தப் பாதைப் பேச்சுத்தான்மா அவருக்கு. அந்த ஜனங்களுக்கு ஒரு வழி பண்ணிட்டோம்கிற நெனப்புலதான் போனாரு. இப்பத் தொறந்துருப்பாங்கள்ல?"

"தொறந்துட்டாங்கம்மா" என்றேன்.

அந்த அம்மாள் சிரித்தார். என் பஸ் வந்தது. ஏறாமல் நின்றுவிட்டேன்.