அத்தாயி அக்கா கேட்ட பூ

ஆடிப் பதினெட்டென்றால் ராசிபுரத்திலிருந்து எங்கள் தறிக்காரக் குடும்பமே வேன் பிடித்து ஜேடர்பாளையம் படுகையணைக்குக் குளிக்கப் போகும். எனக்குச் சிறு வயதிலேயே இளம்பிள்ளைவாதம். எல்லோரும் படியிறங்கிக் காவிரிக்குப் போக, நான் வேனில் செருப்புகளுக்குக் காவல். தம்பி ஈஸ்வர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் தலையில் தெளிப்பான். ஒரு வருடம் எரிச்சலில் அவன் கையைத் தட்டிவிட்டேன். "நானென்ன துளசிச் செடியா?"

படித்துறையோரம் மீன் வறுத்துக்கொண்டிருந்த அத்தாயி அக்கா காதில் அது விழுந்துவிட்டது. ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிராம சபையில், சுற்றுலா வருபவர்களுக்கு வண்ண விளக்கு, நீரூற்று என்று பேச்சு ஓடியபோது எழுந்தாராம். "விருந்தாளியக் கூப்பிட்டு வாசல்லயே உக்கார வெக்கறதுக்கு எதுக்குங்க வெளிச்சம்?" அப்புறம் ஒவ்வொரு சபையிலும் இதே கேள்வி. நச்சரிப்புத் தாங்காமல் ஆறுவரைக்கும் சாய்தளம் கட்டினார்கள்.

இந்த ஆடிக்கு வீல்சேரோடு போனேன். சாய்தளத்தின் வாயில், நட்டநடுவில் ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். புதுச் சிமெண்டுத் தளம் சும்மா கிடக்கிறதே என்று ஊர்க்காரர்கள் முந்தின வாரம்தான் வைத்தார்களாம். நம்மவர்களுக்குக் காலி இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காதே. ஆள் ஒதுங்கிப் போகலாம், சக்கரம் போகாது.

"தூக்கிட்டுப் போறேன் வாக்கா" என்றான் ஈஸ்வர்.

"ஒண்ணும் வேண்டாம். வண்டியத் திருப்பு" என்றேன்.

ஊர்ப் பெரியவர் காளியண்ணன் கையைப் பிசைந்தார். "வெச்ச சாமிய வாக்குக் கேக்காம நகத்தப்படாதுங்க."

"அப்பக் கேட்டுருவமுங்க" என்றார் அத்தாயி அக்கா. மீன் கையோடு சாமியைத் தொடலாகாதென்று சேலையோடு ஆற்றில் முங்கி, சொட்டச் சொட்ட வந்தார். பிள்ளையார் தலையில் ஓர் அரளிப்பூவை வைத்தார். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை, சாமிமேல் அவ்வளவு கோபம். அதனால்தான் அக்காவின் சுண்டுவிரல் பூவை மெல்ல நெம்பியது என் கண்ணில் பட்டது.

"வாக்கு வந்துருச்சுங்க" என்றார் காளியண்ணன். "சரி, எங்க வெக்கறது?"

அக்கா வேப்பமரத்தடியைக் காட்டினார்.

ஈஸ்வர் பிடித்துக்கொள்ள, சாய்தளத்தில் இறங்கினேன். காவிரி முழங்கால்வரை ஏறியது. என் கால்களுக்கு நடக்கத்தான் தெரியாது, குளிர் நன்றாகவே தெரியும். வெட்கமில்லாமல் அழுதேன்.

மேலே வந்தபோதுதான் கவனித்தேன். பிள்ளையார் இப்போது இருக்கும் வேப்பமரத்தடிதான், கல்யாணமாகி வந்த நாள்முதல் அக்காவின் அடுப்பு இருந்த இடம். சாமி பக்கத்தில் மீன் வறுக்க முடியுமா? சட்டிகளை ஆள் நடமாட்டமில்லாத பின்சந்துக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்.

"என்னால உங்க பொழப்பு போச்சுங்களேக்கா."

"அதெல்லாம் வாசம் புடிச்சு வருவாங்க கண்ணு. நீ ஈரத்தோட இருக்காத, மொதல்ல தின்னு."

அவர் நீட்டிய மீனைத் தின்றேன், கண் மட்டும் அந்தச் சுண்டுவிரல் மேலேயே இருந்தது. ராசிபுரத்திலிருந்து யார் ஜேடர்பாளையம் போனாலும் சொல்லியனுப்புகிறேன்: பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் பின்சந்துக்குப் போங்கள், மீன் அங்கேதான் இருக்கிறது.