ஆள்காட்டிக்கு ஒரு சரணாலயம்

என் மாமா வனத்துறை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். காட்டை வண்ணம் வண்ணமாகப் பிரித்துத் தாளில் போடுவது அவர் வேலை. நடுவில் சிவப்பு, அதற்குள் யாரும் நுழையக் கூடாது. சுற்றிலும் பச்சை, அங்கே அனுமதியோடு வரலாம். லீவு நாளில் ஸ்ரீரங்கத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாலும் இதே பேச்சுத்தான். ஒன்பது வயதில் எனக்கு அவரைவிடப் பெரிய அதிகாரி திருச்சியில் கிடையாது.

அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கொள்ளிடம் பக்கமிருந்த காலி மனையில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டது. கூடெல்லாம் கிடையாது, வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே. பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா என் கணக்கு நோட்டிலேயே மனையை வரைந்து கொடுத்தார். அம்மாவின் கோலப்பொடியால் வெளிக்கோடும் காவியால் உள்கோடும் நானே போட்டேன். கை தாராளம், முக்கால் மனை காவிக்குள் வந்துவிட்டது.

ஆடுகளுக்குப் புல்லறுக்க ஓர் அக்கா தினமும் அங்கே வருவார். மறுநாள் காலை அவரை மறித்தேன்.

“இதுக்குள்ள வரக் கூடாதுங்க.”

“முட்டை கிடக்கிறது எனக்கும் தெரியும் பாப்பா. தள்ளியேதான் அறுக்கிறேன்.”

“தள்ளின்னாலும் சிவப்புதாங்க.”

அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டு, அரிவாளைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு பக்கத்துத் தெரு மனைக்குப் போய்விட்டார்.

நான்கும் பொரிந்தன. குஞ்சுகள் தாயின் பின்னால் ஓடியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் என்னால்தான் என்று தெரு முழுக்கச் சொன்னேன். அறிவித்த சரணாலயத்தை லேசில் கைவிடக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டதால், குஞ்சுகள் போன பிறகும் என் காவல் தொடர்ந்தது.

அடுத்த கோடைக்குள் புல் என் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. காடென்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மாமாவே மெச்சினார். ஆள்காட்டியும் வந்தது. இரண்டு நாள் கத்திக்கொண்டே மேலே சுற்றியது, இறங்கவேயில்லை. மூன்றாம் நாள் பக்கத்துத் தெரு மனையில், அந்த அக்கா ஒட்ட அறுத்திருந்த தரையில் முட்டைமேல் உட்கார்ந்திருந்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இவ்வளவு செய்தும் நன்றி கெட்ட பறவை! “மாமா, அங்கயும் கோடு போட்டுடலாம்” என்றேன். “போட்டுட்டாப் போச்சு” என்று அவரும் செருப்பை மாட்டினார்.

சுற்றிலும் பார்வைக்குத் தெரியும் வெட்டவெளியில்தான் ஆள்காட்டி முட்டையிடும். எங்கள் மனையை அதற்கு முன்பு அப்படி வைத்திருந்தது அந்த அக்காவின் அரிவாள். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. கோடு போட்டு முடித்ததும் முதல் ஆளாக அவரைத்தான் வெளியே போகச் சொன்னேன்.