வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

போலகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தெற்கே ஒரு வாய்க்கால். அதோடு காரைக்கால் முடிந்துவிடும். அக்கரை தமிழ்நாடு. அங்கேதான் என் பிறந்த வீடு, நடந்தால் கால் மணி நேரம். சாராயம் கடத்துகிறவர்களைத் தவிர அந்த எல்லையை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. ஆனால் எல்லையம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள் மட்டும், அதை அவிழ்க்கும்வரை வாய்க்காலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உயிருக்கு ஆகாது என்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், தீ மிதிக்க என் கணவர் காப்புக் கட்டியிருந்த சமயம் பார்த்துத் தந்தி வந்தது. துபாய் வேலைக்கு உடனே பம்பாய் வரவேண்டும். இரண்டு வருடம் காத்துக் கிடந்த வேலை. அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான்தான் பெரிய புத்திசாலி ஆயிற்றே! அவர் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் நூலை அறுக்காமல் அவிழ்த்து என் கையில் கட்டிக்கொண்டேன்.

"காப்பு ஊர விட்டுப் போவலங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

திருவிழா முடிந்து அவிழ்க்கப் போனபோது பூசாரி என் கையைத் தொடவே இல்லை.

"இது அவரு காப்பும்மா. அவரு வந்தாதான் அவுக்கணும். அதுவரைக்கும் நீ எல்லையத் தாண்டிடாத. தாண்டுனா ஆபத்து அங்க அவருக்குத்தான்."

நடவிலும் அறுப்பிலும் கிடந்த கை. நூல் நையவில்லை, மஞ்சள் வெளுக்கவில்லை. உச்சி வேளையில் மட்டும், மறுமுனையை யாரோ பிடித்து இழுப்பதுபோல இறுகும். பயமாக இருக்கும். அவர் உயிரோடு இருக்கிறார் என்று நிம்மதியாகவும் இருக்கும்.

மூன்றாம் வருடம் அம்மா இறந்தாள். அண்ணன் அக்கரையில் நின்று கத்தினான்: "மொகத்தையாவது பாத்துட்டுப் போ, வாடி!"

முழங்கால் தண்ணீர்தான். ஒரு காலை வைத்தேன். நூல் இறுகி விரல்கள் மரத்துப்போயின. காலை எடுத்துவிட்டேன்.

பாடையை அக்கரையோரமாகத்தான் கொண்டுபோனார்கள். உச்சி வெயில். அத்தனை பேர் பறையடித்துப் போகிறார்கள், எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அம்மாவின் முகம் என் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த நிமிடம் நூல் தளர்ந்து தொளதொளவென்று தொங்கியது. அவரும் போய்விட்டார் என்றே நினைத்தேன். மூன்று வாரம் கழித்து அவர் நலமென்று கடிதம் வந்தபிறகுதான் சோறு இறங்கியது. நூல் அதற்குமேல் இறுகவே இல்லை.

மறுவருடம் அவர் வந்தார். பூசாரி தொட்டதும் நூல் பொடியாக உதிர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"போன வருசம் ஒருநாள். அங்க காலம்பர பத்தரை, நம்மூர்ல உச்சி. கட்டடத்துச் சாரத்துக்குக் கீழ நிக்கிறேன். பின்னாலேர்ந்து 'மாப்ளே, இங்க வாங்க'ன்னு ஒங்கம்மா கொரல். திரும்பி ரெண்டு எட்டு வச்சேன். நின்ன எடத்துல சாரம் சரிஞ்சிது. பயந்துடுவன்னுதான் எழுதல."

எந்த நாள் என்று கேட்டேன். அம்மாவைத் தூக்கிய நாள்.

எல்லையம்மனிடம் எனக்கு இன்றும் பக்தி உண்டு, கோபமும் உண்டு. அன்று மத்தியானமே வாய்க்காலில் இறங்கினேன். இதைத் தாண்டாமல்தான் அவரைக் காப்பாற்றியதாக நினைத்திருந்தேன். அம்மா கடலையே தாண்டிப் போயிருக்கிறாள். எனக்குப் பன்னிரண்டு எட்டில் அக்கரை வந்துவிட்டது.