அம்மாளின் பாலும் என் குளிசையும்

கழுத்துக் கழலையை வெட்டி எடுத்த பிறகு நான் செத்துப் போகவில்லை. செத்தமாதிரிக் கிடந்தேன். கண்ணகை அம்மாளை நம்புகிற உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டும்.

போன ஆவணியில் ஒப்பரேசன். தைரொயிட் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். இனிச் சாகும்வரை விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு குளிசை. ஆசுபத்திரியில் தந்த மருந்துத் துண்டில் இன்னும் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு வாசிப்பு ஓடாது. அதற்காக இன்னொருத்தரிடம் நீட்டுவேனா?

மாசி வெயிலிலும் உடம்பு குளிர்ந்தது. தலைமயிர் கொத்துக்கொத்தாகக் கொட்டியது. ஒரு குடம் தூக்கக் கை ஏலவில்லை.

வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கு அம்மாளின் கோயிலில் நெல் குத்துகிற பெண்களில் முதல் உலக்கை என்னுடையது. நாற்பது வருசம். அந்த இடத்துக்கு என் புருசனின் தங்கை ஆலாய்ப் பறந்தாள். தன் வீட்டு மாவை இடிக்கவே ஆள் தேடுகிறவள்.

“கழுத்தில கத்தி பட்ட உடம்பு மச்சாள். இனி உலக்க புடிக்கப்படா. நான் புடிக்கன்.”

“நீ புடிச்சா உலக்கதான் உன்னத் தூக்கும். போ புள்ள!”

சொல்லிவிட்டேன். ஆனால் உள்ளே பயம்.

இன்னும் சிலர் வந்தார்கள். “குளிசைய நிப்பாட்டிப்போட்டு கோயில் நூல் கட்டுங்க பெரியம்மா.” தடிமன் பிடித்தாலே ஊசிக்கு ஓடுகிற கூட்டம், எனக்குப் பக்தி படிப்பித்தது.

பங்குனி வெள்ளிக்கிழமை அம்மாளின் முன்னால் அழுதேன். “தாயே, இது உனக்கு நெல் குத்தின கை. இந்த முறையும் உலக்கையைத் தா. இல்லாவிட்டால் என்ன குறையென்று சொல்லு.”

அடுத்த கிழமை கிளினிக்கில் மருந்து கொடுக்கிற ஒரு சின்ன மிஸ்ஸி, தாதிப் பிள்ளை, கேட்டாள். அதுவரை ஒருத்தரும் கேட்காத கேள்வி.

“குளிசைய என்னத்தோட போடுறீங்க அம்மா?”

“அம்மாளுக்குப் படைச்ச பாலோட. அது சாப்பாடில்லத்தானே.”

அவள் சிரிக்கவில்லை. “பால் குளிசைய உடம்பில சேர விடாதம்மா. வெறும் தண்ணியோட போடுங்க. பால பகல் சாப்பாட்டுக்குப் பிறகு குடிங்க.”

எனக்கு மேல் புல்லரித்தது. கேட்டது அந்தப் பிள்ளையின் வாய். கேட்க வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

சித்திரை முடியக் குளிர் விட்டது. பிறகு கைக்குப் பலம் திரும்பியது. வைகாசியில் முதல் உலக்கையை நான்தான் போட்டேன். பெண்களின் குரவைச் சத்தம் எழுந்தபோது கண்ணீர் தானாக வந்தது. மச்சாள் பந்தலுக்குள் விசிறிக்கொண்டு இருந்தாள். இருக்கட்டும்.

இப்போது துண்டைப் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறேன். அந்த மட்டுக்கு இறங்கிவிட்டேன்.

நீங்களும் அம்மாளிடம் கேளுங்கள், தருவாள். குளிசையை எறிந்துவிட்டு அவளைச் சோதிக்கிற கூத்து மட்டும் வேண்டாம். அவள் உங்கள் வீட்டு வேலைக்காரி இல்லை.