மச்சிலிருந்து கேட்ட குரல்

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சூளையைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. சூட்டில் பொம்மை வெடித்துவிட்டால், என்னோடு வேலை செய்கிறவர்கள் கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் வாங்கப் போவார்கள். நான் உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்து, மண்ணில் ஈரம் சரியாகக் காயவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன் என்பதற்காக நீங்கள் இதை நம்பியாக வேண்டும் என்றும் இல்லை.

செல்போன் எல்லார் கைக்கும் வர ஆரம்பித்திருந்த வருஷங்கள் அவை. என் மனைவி தேன்மொழி முதல் பிரசவத்துக்காக சேத்தியாத்தோப்பில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்து, மூன்றாம் மாதம் அழைத்து வருவதாகப் பேச்சு. எங்களுடையது ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே பலகைத் தளம் உண்டு, இரண்டுக்கும் நடுவே ஆள் குனிந்து போகிற அளவு இடம் இருக்கும், அதை மச்சு என்போம். அவள் ஊரில் இல்லாத நேரத்தில் அங்கே வௌவால்கள் குடியேறிவிட்டன. பலகை இடுக்கு வழியாக எச்சம் கீழே கொட்டும், வீடே நாறும். தொட்டில் கட்டுவதாக இருந்த அறைக்கு நேர் மேலேதான் அத்தனையும் தொங்கின.

கந்தகம் போட்டுப் புகை மூட்டச் சொன்னார்கள், மருந்து வைக்கச் சொன்னார்கள். பக்கத்துத் தெருவில் இருந்த சகாயராஜ் மட்டும் வேண்டாம் என்றார். அவர் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார், எனக்கு நல்ல பழக்கம்.

"கொன்னுடாதீங்க. ஃபாரஸ்ட் ஆபீஸ்லயும் கேட்டுட்டேன், வெளிய போறதுக்கு வழி பண்ணி விடுங்கன்னுதான் சொன்னாங்க" என்றார்.

அவர் சொன்ன வழி எளிமையானது. சுவர் உச்சிக்கும் ஓட்டுக்கும் இடையே அவை வந்து போகிற இடைவெளியின் மேல் ஒரு வலையைத் தொங்கவிட வேண்டும். மேல்பக்கமும் ஓரங்களும் இறுக்கமாக, கீழ்ப்பக்கம் மட்டும் தளர்வாக. பொழுது சாய்ந்ததும் அவை வலைக்கு உள்ளேயே கீழே ஊர்ந்து வெளியேறிவிடும், திரும்பி வரும்போது வழி தெரியாது. எல்லாம் போன பிறகு இடைவெளியை அடைத்துவிடலாம். "குட்டி இருந்தா மட்டும் அவசரப்படாதீங்க, உள்ளயே செத்துடும்" என்று கடைசியாகச் சொன்னார்.

வலை கட்டினோம். முதல் சில சாயங்காலங்கள் கும்பல் கும்பலாக வெளியே போயின, அப்புறம் குறைந்தது. பிறகு இரண்டு நாள் விடாமல் மழை, ஒன்றுகூட வெளியே வரவில்லை. எல்லாம் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை குழந்தையை அழைத்து வர வேண்டும். கலியமூர்த்தி என்கிற கொத்தனாரைக் கூப்பிட்டேன். அதிகம் பேசாத மனிதர், ஐம்பது வயது இருக்கும்.

மதிய நேரம். அவர் ஏணியில் நின்று, வலையை ஒதுக்கிவிட்டு, இடைவெளியை அடைக்கச் சிமெண்டைக் கரண்டியில் எடுத்தார், நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்போது மச்சுக்குள்ளிருந்து தேன்மொழி பேசினாள்.

"கொஞ்சம் பொறுங்க. புள்ள இப்பதான் தூங்குது."

தாழ்ந்த குரல், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுகிற குரல். எனக்குப் பயமே வரவில்லை, சரி என்று பதில்கூடச் சொல்லப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் அவள் ஊரிலேயே இல்லை என்பது உறைத்தது. கலியமூர்த்தி கரண்டியை அப்படியே வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"மேல யாரு சார்?"

"எங்க வூட்டு அம்மா குரல் மாதிரி இருந்துச்சு. அவங்க அம்மா ஊர்ல இருக்காங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். "உங்க வூட்டு அம்மா குரலா? இல்ல சார். அது எம் பொண்டாட்டி குரலு."

அவர் மனைவி பிரசவத்தில் இறந்துபோனவள், குழந்தையும் தங்கவில்லை. அவருக்குக் கல்யாணமான புதிதில் நடந்தது அது. அந்த மதியம்தான் எனக்கு அது தெரியவந்தது. "பேச்சு அவ பேச்சுதான் சார். ஆனா புள்ளய தூங்க வைக்கிற குடுப்பினதான் அவளுக்கு இல்லாம போச்சு" என்றார்.

நான் தேன்மொழிக்கு போன் போட்டேன். "தடுப்பூசி போட்டுட்டு இப்பதான் வந்தோம். ஏங்க, குரல் ஒரு மாதிரியா இருக்குது?" என்றாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு நான்தான் மச்சில் ஏறினேன். மூலை உத்திரத்துக்குப் பின்னால் ஒரே ஒரு வௌவால் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி, தோல் இன்னும் இளஞ்சிவப்பாக. வெளிச்சம் பட்டதும் தாய் இறக்கையால் அதை மூடிக்கொண்டது. வேறு எதுவும் அங்கே இல்லை.

வலையைப் பழையபடி தொங்கவிட்டு, இடைவெளியைத் திறந்தே விட்டோம். மறுநாள் வானம் வெளுத்திருந்தது. பொழுது சாயும்போது அது குட்டியைச் சுமந்துகொண்டு வலைக்கு அடியில் ஊர்ந்து வந்து, தடுமாறி, பிறகு பறந்து போனது. நானும் சகாயராஜும் பார்த்தோம். குரல் விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரிக்காமல், எந்த மூலையிலிருந்து கேட்டது என்று மட்டும் விசாரித்தார். இடைவெளியை நானே அடைத்தேன். கலியமூர்த்தி அந்தச் சுவரில் கைவைக்க மறுத்துவிட்டார். தேன்மொழியும் குழந்தையும் சொன்ன நாளில் வந்தார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். அவளிடம் இதை ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னேன்.

கொஞ்ச காலம் கழித்து கலியமூர்த்தியை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "மறுபடி ஏதாச்சும் கேட்டுச்சா சார்?" என்றார். இல்லை, பயப்படாதீர்கள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருவுக்கு வருகிறார். வேலை எதுவும் இருக்காது. எதிர்ப்பக்கம் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்கள் கூரையைப் பார்த்தபடி நிற்பார். கூப்பிட்டால் வரமாட்டார். ஒரு நாள் ஜன்னல் வழியாகக் கவனித்தேன், அவர் உதடு அசைந்தது. ஏதோ கேட்கிறார், நிறுத்துகிறார், யாரோ பதில் சொல்கிற அளவுக்கு நேரம் விடுகிறார். பிறகு தலையை ஆட்டிச் சிரித்துக்கொள்கிறார்.